பெண்ணிய நெறியாள்கை என்றால் என்ன? ஆய்வு மாணவருக்கும் நெறியாளருக்கும் இடையிலுள்ள அதிகாரத்தைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

பல்கலைக்கழக வட்டாரங்களில் ‘பெண்ணிய முறையில் ஆய்வு வழிகாட்டுதல்’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். பெண் ஆய்வாளருக்குப் பெண் பேராசிரியர் வழிகாட்டுவது என்கிறார் ஒருவர். மாணவரைக் கடிந்துகொள்ளாமல் தாயைப் போல நடத்துவது என்கிறார் இன்னொருவர். பெண்ணியத் தலைப்பில் ஆய்வேடு எழுதவைப்பது என்று நினைப்பவர்களும் உண்டு. தரத்தைத் தளர்த்தி எல்லாரையும் கரையேற்றும் ஏற்பாடு என்று அஞ்சுபவர்களும் உண்டு. நான்குமே தவறு. இரண்டாவது தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. அதற்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன்.

ஆய்வு மாணவருக்கும் அவருக்கு வழிகாட்டுபவருக்கும் நடுவே இருக்கும் அதிகாரத்தை ஒளிக்காமல் பேசி, அதற்கு வரம்பும் பொறுப்பும் வைத்து வழிகாட்டுவதுதான் பெண்ணிய நெறியாள்கை. ஆண் செய்யலாம், பெண் செய்யலாம். வேதியியலில் செய்யலாம், இலக்கியத்திலும் செய்யலாம். அதற்குள் போகும் முன் அந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

## கற்றுத்தருபவரே எல்லாமாக இருந்தால்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்றுத்தருபவர் ஒருவர், உரிமத்துக்குத் தேர்வு நடத்துபவர் வேறொருவர். ஆசிரியரைப் பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே வேறு இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். இப்போது நிலைமையைக் கொஞ்சம் மாற்றுவோம். கார் ஆசிரியருடையது. நீங்கள் தேர்வுக்குத் தயாரா இல்லையா என்று முடிவு செய்பவர் அவர். பின்னாளில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்தால் உங்களைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டியவரும் அவர். பயிற்சி நான்கைந்து ஆண்டு நடக்கும். பாதியில் ஆசிரியரை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் எவ்வளவு நல்ல மனிதராகவும் இருக்கட்டும். “நீங்கள் சொல்லித்தந்த முறை தவறு” என்று அவர் முகத்துக்கு நேரே எத்தனை பேரால் சொல்ல முடியும்?

முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் இந்த நிலையில்தான் நடக்கிறது. முனைவர் பட்டம் என்பது புதிய அறிவு ஒன்றை உருவாக்கிக் காட்டியதற்குத் தரப்படும் பட்டம். அதற்காக எழுதப்படும் நூலளவான ஆவணம் ஆய்வேடு. ஆய்வைத் தொடக்கம் முதல் முடிவுவரை வழிநடத்தும் ஆசிரியர் நெறியாளர், பேச்சுவழக்கில் ‘கைடு’. ஆய்வேட்டை மதிப்பிட வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்தாலும், அது சமர்ப்பிக்கத் தகுதியாகிவிட்டதா என்று சொல்பவர் நெறியாளர்தான். பல இடங்களில் தேர்வாளர்கள் பெயரைப் பரிந்துரைப்பவரும் அவரே. ஆய்வுக்கூடத் துறைகளில் உதவித்தொகை அவருடைய திட்ட நிதியிலிருந்து வரும். கருவி அவருடையது, தரவு அவருடையது, தொடர்புகள் அவருடையவை.

இதை யாரும் சதித்திட்டமாக உருவாக்கவில்லை. ஒரு துறையை ஆழமாகக் கற்க, அதில் தேர்ந்த ஒருவரோடு நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்பது நியாயமான எண்ணம். அந்த நியாயமான எண்ணத்தைச் சுற்றிப் பணம், நேரம், பெயர், எதிர்காலம் எல்லாம் ஒரே ஆள் கையில் வந்து சேர்ந்துவிட்டன. உதவுபவரும் அவர், வாயிற்காவலரும் அவர்.

## பெயர் யாருக்குப் போகிறது

1967ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜாஸ்லின் பெல் என்ற முனைவர் பட்ட மாணவி, தாமும் சேர்ந்து கட்டிய ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைக் காகிதச் சுருள்களில் வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கத்துக்கு ஒவ்வாத ஒரு சிறு கிறுக்கல் கண்ணில் பட்டது. அதை விட்டுவிடாமல் பின்தொடர்ந்தார். பல்சர் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். வேகமாகச் சுழன்றபடி சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீன் எச்சம் அது. 1968இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் ஐந்து பெயர்கள். நெறியாளர் அந்தோனி ஹியூவிஷ் முதலில், மாணவி இரண்டாவதாக. 1974இல் இயற்பியல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் அவருடைய சக ஆய்வாளர் மார்ட்டின் ரைலுக்கும் கிடைத்தது. ஜாஸ்லின் பெல்லுக்கு இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் உடனே வில்லனைத் தேடுகிறார்கள். அது பயன் தராது. தொலைநோக்கியைத் திட்டமிட்டவர் ஹியூவிஷ். அவருடைய பங்கு உண்மையானது. ஜாஸ்லின் பெல்லே 1977இல், மிக அரிதான சூழலைத் தவிர மாணவர்களுக்கு நோபல் தருவது அப்பரிசின் மதிப்பைக் குறைக்கும் என்றும், ஆய்வின் வெற்றி தோல்விக்கு இறுதிப் பொறுப்பு நெறியாளருடையது என்றும் பேசியிருக்கிறார். பெண்ணிய நெறியாள்கை எழுப்பும் கேள்வி வேறு: யாரும் தீங்கு நினைக்காதபோதும் பெருமை தானாக மேல்நோக்கி ஓடுகிறதே, அந்த வாய்க்காலை வெட்டியது எது? பங்களிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று முன்கூட்டி யாரும் பேசிவைக்காதபோது, ஏற்கெனவே பெயர் உள்ளவரிடமே பெயர் போய்ச் சேர்கிறது.

பெண்களின் அறிவியல் பங்களிப்பு ஆண்களின் பெயரில் பதிவாகும் போக்குக்கு அறிவியல் வரலாற்றாளர் மார்கரெட் ரோசிட்டர் 1993இல் ‘மட்டில்டா விளைவு’ என்று பெயரிட்டார். பெண் கண்டுபிடிப்பாளர்கள் மறைக்கப்படுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிய மட்டில்டா ஜாஸ்லின் கேஜின் நினைவாக வைத்த பெயர். ஜாஸ்லின் பெல்லுக்கு 2018இல் 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தபோது, அவர் அதை முழுவதுமாக இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும், இதுவரை போதிய இடம் கிடைக்காத பின்னணிகளைச் சேர்ந்த மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். எந்த இடத்தில் உதவி தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை பார்த்தது: மாணவர் ஒரே ஒருவரைப் பல வகைகளில் சார்ந்திருக்கிறார். எழுதப்படாத விதிகள் இருக்கும் இடத்தில், அந்தச் சார்பு மேலே இருப்பவருக்குச் சாதகமாகவே வேலை செய்யும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

## உடல் இல்லாத மாணவர்

‘நல்ல ஆய்வு மாணவர்’ என்றதும் மனத்தில் ஓர் உருவம் எழுகிறது. விடியும்வரை ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்; எந்த மாநாட்டுக்கும் உடனே கிளம்பக்கூடியவர்; கருத்தரங்கு முடிந்த பின் நடக்கும் மாலை நேர அரட்டையில் கலந்துகொள்பவர். இவருக்குக் குழந்தை இல்லை, நோயுற்ற பெற்றோர் இல்லை, மாதவிடாய் வலி இல்லை, கர்ப்பம் இல்லை, வாடகைக் கவலையும் இல்லை. சமூகவியலாளர் ஜோன் ஆக்கர் 1990இல் இதைத் தெளிவாக எழுதினார்: நிறுவனங்கள் ‘பொதுவான பணியாளர்’ என்று சொல்லும்போது உடலும் குடும்பப் பொறுப்பும் அற்ற ஒருவரைக் கற்பனை செய்கின்றன, அந்தக் கற்பனைக்கு நடைமுறையில் பொருந்துபவர், வீட்டு வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஆண்.

பல்கலைக்கழகங்களுக்கு இது எளிதில் பொருந்தக் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். பெண்கள் உள்ளே வருவதற்கு முன்பே கால அட்டவணை, உதவித்தொகைக் காலம், ‘அர்ப்பணிப்பு’ என்பதன் அளவுகோல் எல்லாம் அங்கே உருவாகிவிட்டன. பின்னர் கதவு திறந்தது. அறையின் அளவு மாறவில்லை.

இந்த அளவுக்குள் அடங்காதவர்கள் பெண்கள் மட்டுமல்லர். வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்யும் ஆண், மாற்றுத்திறனாளி மாணவர், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர், வேற்று நாட்டிலிருந்து விசாவை நம்பி வந்தவர் எல்லாரும் அந்தக் கற்பனை மாணவரோடு ஒப்பிடப்பட்டுக் குறைவாக எடைபோடப்படுகிறார்கள். அதிலும் இரண்டு மூன்று நிலைகள் ஒரே ஆளிடம் சேரும்போது பிரச்சினை வெறும் கூட்டல் கணக்காக இருப்பதில்லை. இதற்குக் குறுக்குவெட்டுப் பார்வை என்று பெயர். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இதை விளக்க எடுத்துக்கொண்ட ஒரு வழக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்று ஆனது. இனப் பாகுபாட்டுப் புகாரை அதே நிறுவனத்தின் மீதான வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரே புகாராகப் பார்க்க அது மறுத்தது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள், எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆண்கள். கறுப்பினப் பெண்கள் இரண்டு கணக்கிலும் விழவில்லை. நெறியாளர் ‘என் மாணவர்களில் பாதிப்பேர் பெண்கள்’ என்று நிம்மதி அடையும்போது, இந்த வழக்கை நினைத்துக்கொள்வது நல்லது.

## அன்பாக இருந்தால் போதாதா?

இந்த இடத்தில்தான் நல்லெண்ணம் உள்ளவர்களே தடுக்கி விழுகிறார்கள். அதிகாரம்தான் சிக்கல் என்றால் அதிகாரத்தைக் கைவிட்டுவிடலாமே, நண்பர்களாகப் பழகலாமே, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாமே என்று தோன்றும். தோன்றுவது இயல்பு. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் கையெழுத்துப் போடுபவர் அவரே.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணியக் குழுக்கள் பல, தலைவர் இல்லை, விதி இல்லை, எல்லாரும் சமம் என்று இயங்கின. அந்த இயக்கத்துக்குள்ளிருந்தே ஜோ ஃப்ரீமன் ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார்: கட்டமைப்பே இல்லாத குழு என்று எதுவும் கிடையாது, விதிகளை எழுதாமல் விட்டால், விதிகள் சிலருக்கு மட்டும் தெரிந்தவையாக மாறும், அதிகாரம் மறையாது, கேள்வி கேட்க முடியாத இடத்துக்குப் போய்விடும். என் பார்வையில் பெண்ணிய நெறியாள்கையின் முதுகெலும்பு இந்தச் சிந்தனைதான்.

நட்பு முறை வழிகாட்டலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நெறியாளர் இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்புகிறார், அன்பாகத்தான். பதில் அனுப்பாமல் இருக்க மாணவருக்கு மனம் வராது. ஒரு சிறு வேலை கேட்கிறார், உரிமையோடுதான். மறுத்தால் உறவைப் புண்படுத்தியதாகிவிடும். ஆய்வில் குறை இருக்கிறது. நெருக்கமானவரை நோகடிக்க விரும்பாமல் நெறியாளர் சொல்லத் தயங்குகிறார். குறை தேர்வாளர் முன்னிலையில் வெளிப்படுகிறது. கடுமையான நெறியாளரைப் பற்றி மாணவர் ‘இது அநியாயம்’ என்று வெளியே போய்ச் சொல்லலாம். அன்பான நெறியாளரைப் பற்றிப் புகார் சொல்ல அவருக்கே குற்றவுணர்வு வரும். தாய்மை உருவகம் இதை இன்னும் மோசமாக்குகிறது. தாயைப் போன்றவர் என்றால் பிள்ளை நன்றிக்கடன் பட்டவராகிறார். முப்பது வயது ஆய்வாளர் யாருடைய பிள்ளையும் அல்லர்.

விமர்சனத்தை மென்மையாக்குவது மரியாதை ஆகாது. ஒருவரின் எழுத்தைக் கூர்ந்து படித்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்று தெளிவாகச் சொல்வதே அவரை அறிஞராக மதிப்பது. பெண்ணிய நெறியாள்கை இதில் கறாரானது.

நம் மதிப்பீடு சாய்ந்திருக்காது என்று யாரும் மனசாட்சியை நம்பி இருந்துவிடவும் முடியாது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. சிலருக்குப் போனதில் ஆண் பெயர், சிலருக்குப் போனதில் பெண் பெயர். மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆண் பெயருக்குத் தகுதி மதிப்பெண் கூடுதல். தரலாம் என்று சொன்ன சம்பளம் சராசரியாக ஆண் பெயருக்கு 30,238 டாலர், பெண் பெயருக்கு 26,508 டாலர். பெண் பேராசிரியர்களும் ஆண் பேராசிரியர்களைப் போலவேதான் எடைபோட்டார்கள். ‘பெண்ணுக்குப் பெண் வழிகாட்டினால் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் நிற்காததற்கு இது ஒன்று போதும்.

சுருக்கமாக: அதிகாரத்தை ஒழிக்க முடியாது, ஏனென்றால் மதிப்பிடுவது நெறியாளரின் வேலையில் ஒரு பகுதி. அன்பால் மூடவும் கூடாது. எழுதி, பேசி, பகிர்ந்து வைக்கலாம்.

## நடைமுறையில் எப்படி இருக்கும்

முதல் சில சந்திப்புகளில் ஆய்வுத் தலைப்பைப் பற்றி மட்டும் பேசாமல், இந்த உறவைப் பற்றியே பேசுவார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, அத்தியாயம் ஒன்றைக் கொடுத்தால் எத்தனை நாளில் கருத்து வரும், எந்த நேரத்துக்குப் பின் செய்தி அனுப்புவதில்லை, கருத்து வேறுபாடு வந்தால் மூன்றாவதாக யாரிடம் போவது என்பதையெல்லாம் பேசி எழுதி வைப்பார்கள். இது சட்ட ஒப்பந்தம் இல்லை. ஆண்டுக்கொருமுறை எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் தாள். வெளிப்பார்வைக்கு அலுவலகத்தனமாகத் தெரியும். ஆனால் ‘எப்போது நினைவூட்டுவது, தப்பாக எடுத்துக்கொள்வாரோ’ என்று மாணவர் தூங்காமல் கிடக்கும் இரவுகளை அந்தத் தாள் மிச்சப்படுத்தும்.

கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை வேலை தொடங்கும்போதே பேசுவது அடுத்தது. எது பங்களிப்பு, எது வெறும் மேற்பார்வை என்று அப்போதே வரையறுத்துக்கொள்ள வேண்டும். வேலையின் போக்கு மாறினால் மறுபடி பேச வேண்டும். கண்டுபிடிப்பு கைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்க மாணவருக்குத் துணிவு இருக்காது.

பெரிய மாற்றம் நெறியாளரின் எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டு பேரோ ஒரு சிறு குழுவோ சேர்ந்து வழிகாட்டினால், ஒருவரின் கோபமோ மறதியோ ஓர் ஆய்வையே கவிழ்த்துவிடாது. உதவித்தொகை ஒருவரின் திட்ட நிதியிலிருந்து வராமல் துறையிலிருந்தே வந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2018இல் வெளியிட்ட பாலியல் துன்புறுத்தல் பற்றிய அறிக்கை, பயிற்சி பெறுபவர்கள் ஒரே ஆசிரியரைச் சார்ந்திருக்கும் அமைப்பைக் கலைத்துப் பரவலாக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. சார்பு குவிந்த இடத்தில் சுரண்டலும் எளிது, அதை வெளியில் சொல்வதும் கடினம்.

எழுதப்படாத விதிகளைச் சொல்லித்தருவதும் இந்த முறையின் ஒரு பகுதி. மறைந்த பாடத்திட்டம் என்பார்கள்: எந்தப் பாடநூலிலும் இல்லாமல், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த அறிவு. எந்த இதழுக்கு அனுப்புவது, மறுப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது, மாநாட்டில் மூத்தவரிடம் எப்படிப் பேச்சுக்கொடுப்பது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. முதல் தலைமுறை மாணவர் இதைக் கேட்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் இருப்பார். ஆகவே கேட்பதற்கு முன்பே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைப்பேறு, பராமரிப்பு, நோய் இவற்றைச் சலுகையாகக் கருதாமல் ஆய்வுத் திட்டத்தின் பகுதியாகவே வைப்பார்கள். கால அட்டவணை போடும்போதே ‘உங்களுக்கு எந்தெந்த மாதங்கள் கடினம்’ என்று எல்லா மாணவர்களிடமும் கேட்டால், யாரும் தனியாக வந்து நின்று கெஞ்ச வேண்டியதில்லை. காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதும் மாணவரின் விருப்பமே. அக்கறை என்ற பெயரில் சொந்த வாழ்க்கையைக் கிளறுவதும் அதிகார மீறல்தான்.

## தரம் குறைந்துவிடாதா?

இந்த ஐயம் அடிக்கடி வருகிறது. பெண்ணியச் சிந்தனையில் இதற்கு நேரடியான பதில் உண்டு. ஆய்வாளர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்பதையும் ஆய்வுக்கு உட்படுத்தினால் முடிவு இன்னும் நம்பகமாகும் என்றார் மெய்யியலாளர் சாண்ட்ரா ஹார்டிங். அதற்கு அவர் வைத்த பெயர் வலுவான புறவயத்தன்மை.

ஓர் எடுத்துக்காட்டு. மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல், கருவுறுதலை அறிவியல் நூல்கள் எப்படி விவரிக்கின்றன என்று ஆராய்ந்தார். விந்தணு பாய்ந்து செல்லும் வீரனாகவும் முட்டை சும்மா காத்திருப்பதாகவும் அவை எழுதியிருந்தன. முட்டையும் செயல்படுகிறது, இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்று ஆய்வுகள் காட்டிய பின்பும் பழைய மொழி விடவில்லை. சமூகத்தின் ஆண்-பெண் கற்பனை நுண்ணோக்கிக்குள்ளும் நுழைந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த கேள்வி அறிவியலைத் தளர்த்தவில்லை, திருத்தியது.

நெறியாள்கைக்கு இது பொருந்தும் விதம் எளிது. மாணவரிடம் ‘நீ ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறாய், உனக்கு எது தெரியாமல் போகலாம்’ என்று கேட்பார் நெறியாளர். அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்க மாணவருக்கு இடம் தருவார். எதிர்வாதம் செய்யப் பயப்படும் மாணவர் நெறியாளரின் பிழைகளையும் சேர்த்தே ஆய்வேட்டில் எழுதுவார். பயம் இல்லாத அறையில் அந்தப் பிழைகள் முன்பே பிடிபடும்.

## சுமை யார் தோளில்

பெண்ணிய நெறியாள்கைக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷைல்ட் 1983இல், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, வேலையின் பகுதியாகத் தன் உணர்வை அடக்கியும் காட்டியும் ஆள்வதற்கு உணர்வு உழைப்பு என்று பெயரிட்டார். துறையில் யார் அறைக்கதவைத் தட்டி மாணவர்கள் அழுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பெண் ஆசிரியரின் அறை. அவரிலும் சிறுபான்மைப் பின்னணியிலிருந்து வந்தவரின் அறை. தம் மாணவர்கள் மட்டுமல்ல, பக்கத்து அறைப் பேராசிரியரின் மாணவர்களும் அவரிடமே வருவார்கள். அந்த மணி நேரங்கள் பதவி உயர்வுக் கணக்கில் வருவதில்லை. பக்கத்து அறைக்காரர் அந்த நேரத்தில் கட்டுரை எழுதி முடித்திருப்பார். கரிசனமுள்ள தனிமனிதரை நம்பி மட்டும் இந்த முறை ஓடினால், அது பெண்களின் ஊதியமில்லா உழைப்பில் ஓடும் இன்னொரு வண்டியாகிவிடும். அதனால்தான் வழிகாட்டும் நேரத்தைப் பணிச்சுமையில் உள்ளபடி கணக்கிடுவது, எல்லா நெறியாளர்களுக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்குவது, நெறியாளரை மாற்றிக்கொள்ளத் தெளிவான வழி வைப்பது ஆகியவை நிறுவனத்தின் வேலைகள் என்று இந்த முறையை முன்வைப்பவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

ஆய்வில் சேர நினைப்பவர்கள், கையெழுத்திடும் முன் அந்த நெறியாளரிடம் இப்போது படிக்கும் மாணவர்களையும் படித்து முடித்தவர்களையும் சந்தித்துப் பேசுங்கள். ‘நல்லவரா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆம் என்பார்கள். கடைசியாக எழுதிக்கொடுத்த அத்தியாயத்துக்கு எத்தனை நாளில் பதில் வந்தது, கட்டுரைகளில் யார் பெயர் முதலில் இருக்கிறது, அவரோடு கருத்து மாறுபட்டவர்களுக்கு என்ன நடந்தது, பாதியில் விலகியவர்கள் யாராவது உண்டா, விலகும்போது யாரிடம் போனார்கள் என்று கேளுங்கள். நெறியாளரிடமும் இவற்றை நேரில் கேட்கலாம். இந்தக் கேள்விகளை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே அடுத்த நான்கைந்து ஆண்டுகளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.